கயிறு தொட்டவன் பங்கு

எங்கே வண்டியை நிறுத்தினாலும் ஹோர்ஸ்ட் செய்யும் முதல் வேலை ரசமட்டம் வைத்துப் பார்ப்பது. கொத்தனார்கள் சுவரில் வைத்துப் பார்ப்பார்களே, அதே ரசமட்டம்தான். காருக்குப் பின்னால் இழுத்துவந்த டிரெய்லர் வீட்டின் தரை மட்டமாக இல்லாவிட்டால் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது, கட்டில் விரிக்கக் கூடாது, காப்பியும் கிடையாது. பிரேமனிலிருந்து புறப்பட்டு துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் என்று எத்தனை மண்ணில் நின்றோமோ அத்தனை மண்ணிலும் குமிழி நடுவில் வந்து நின்ற பிறகே எங்களுக்குப் பொழுது விடிந்தது. தூத்துக்குடிக் கடற்கரை மணலில் மட்டும் அந்தக் குமிழி நிற்க மறுத்தது. ஒரு சக்கரத்துக்குப் பலகை கொடுத்தால் மறு சக்கரம் இறங்கியது. "உங்கள் ஊர் மண்ணுக்கு ஒழுங்கு தெரியவில்லை" என்றார் ஹோர்ஸ்ட். வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. பிறந்த கரையின் கடலுக்கு எதிரே நின்று, ஜெர்மன் பிளாஸ்டிக் கேனில் பிடித்துவைத்த தண்ணீரில் நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். அதுவே எனக்குப் போதுமான எரிச்சலாக இருந்தது.

ஹோர்ஸ்ட் யார் என்று சொல்லிவிடுகிறேன். பிரேமன் துறைமுகத்தில் எனக்குப் பாரந்தூக்கி இயந்திர வேலை கற்றுக்கொடுத்த மேற்பார்வையாளர்; ஓய்வு பெற்றுவிட்டார். சாலை வழியாகவே இந்தியாவின் தென்கோடி வரை போய்வர வேண்டும் என்பது அவருக்கும் அவர் மனைவி கிசேலாவுக்கும் பல வருட ஆசை. அவர்களுக்குப் பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. எனக்கு என் அக்காவைப் பார்க்க வேண்டியிருந்தது. மகளுக்குப் பள்ளி நடந்துகொண்டிருந்ததால் அவளையும் மனைவியையும் பிரேமனில் விட்டுவிட்டு, சேர்த்துவைத்த விடுப்பையெல்லாம் எடுத்துக்கொண்டு காரின் பின் இருக்கையில் ஏறிக்கொண்டேன். அன்றன்றைக்குக் காற்று எந்தப் பக்கம், சாலை எப்படி, என்ன சாப்பிட்டோம், யார் என்ன சொன்னார்கள் என்று எழுதிவைப்பது என் பழக்கம். என்னைப்போல் வெளிநாட்டில் இருந்துகொண்டு என் எழுத்தைப் படித்துவரும் உங்களுக்காக, ஊர் வந்த அந்த ஒரு நாளை நடந்த வரிசையிலேயே இங்கே தருகிறேன். கோபத்தில் எழுதுகிறவன் வரிசையை விட்டால் எழுத்து வசையாகிவிடும்.

முதல் அடி டீக்கடையில் விழுந்தது. நான் அரைக்கால்சட்டையும், காலுறைக்கு மேல் செருப்பும், கிசேலா கட்டாயப்படுத்தித் தலையில் வைத்த துணித் தொப்பியும் அணிந்திருந்தேன். கடைக்காரர் மூன்று கண்ணாடி டம்ளர்களை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "யூ வாண்ட் சுகர், சார்?" என்றார்.

"சீனி கொஞ்சமாப் போடுங்க அண்ணாச்சி" என்றேன்.

"வெரி குட் டமில், சார்! யூ கம் பாம்பே?"

"நான் இந்தக் கடற்கரைக்காரன். இங்கன பெரிய கோயில் பக்கத்துப் பள்ளிக்கூடத்துலதான் படிச்சேன்."

"ஓகே சார், ஓகே சார்" என்றார், குழந்தையைச் சமாதானப்படுத்துகிறவர் போல. பக்கத்தில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே, "கைடுமாரெல்லாம் இப்பம் நல்லாப் பேசுதானுவ" என்றார். நான் படிக்கிற காலத்தில் இதே தெருவில் நடந்தால் எதிரே வருகிற கரைக்காரர் ஒவ்வொருவரும் இன்னார் மகன் என்று என் தகப்பனார் பெயரைச் சொல்லி நிறுத்துவார்கள். அது அன்றைக்குத் தொல்லையாக இருந்தது. இப்போது ஒருவராவது நிறுத்தமாட்டாரா என்று பார்த்துக்கொண்டே, சூடு ஆறாத டீயை மடமடவென்று குடித்தேன்.

அடுத்தது முத்து. கிசேலாவின் கையிலிருந்த பயணப் புத்தகத்தில் இந்தக் கரைக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் ஆட்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடலில் குதித்துக்கொண்டே இருந்தார்கள். முத்துக்குளிப்பு நின்று எத்தனையோ வருடம் ஆகிறது, இப்போது மூழ்குகிறவர்கள் சங்கு எடுக்கத்தான் மூழ்குகிறார்கள் என்று பாரசீகப் பாலைவனத்திலேயே சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை. தோணித்துறையில் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஆட்களைக் காட்டி, "இவர்கள் முத்துக்குளிப்பவர்களா என்று கேளுங்கள்" என்றாள். நான் கேட்கவில்லை. அவர்கள் மூட்டை தூக்குகிறவர்கள், கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. அவளே சைகையால் மூக்கைப் பிடித்துக் குதிப்பதுபோல் காட்டினாள். ஒருவர் என்னிடம், "அம்மாவுக்குக் குளிக்கணுமாம். கிணத்தடி அந்தப் பக்கம்னு சொல்லுங்க" என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. புத்தகத்தில் இருக்கிற கரையை இந்தக் கரை தினமும் நடித்துக்காட்ட வேண்டும், நடிக்காவிட்டால் அது ஏமாற்று என்கிற எண்ணம் இருக்கிறதே, அதை நான் பிரேமனில் எத்தனையோ விருந்து மேசைகளில் பார்த்துச் சகித்திருக்கிறேன். அங்கே நான் தனி ஆள், சகிக்கலாம். இங்கே என் ஊர் முழுவதும் வேடம் கட்ட வேண்டும் என்றால் எப்படிச் சகிப்பது?

ஒரு உப்பளத்தின் வாசலில், அதன் பெயர் வேண்டாம், காவல்காரர் ஹோர்ஸ்டுக்கும் கிசேலாவுக்கும் சலாம் வைத்து உள்ளே விட்டார். என் மார்பின் குறுக்கே கம்பை நீட்டினார். "டிரைவர், கைடெல்லாம் நிழல்ல நில்லுங்க." நிழல் என்று அவர் காட்டியது ஒற்றை உடைமரம். அவர்கள் வெள்ளை உப்பு மேடுகளைப் படம்பிடித்துத் திரும்பும்வரை அந்த முள்நிழலில் நின்றேன். சுற்றிப்பார்க்கிறவனாக நின்றால் "யூ கம் பாம்பே", சொந்தக்காரனாகப் பேசினால் கைடு. மூன்றாவது ஒரு இடம் எனக்கு இந்த ஊரில் இல்லையா என்று யாரைக் கேட்பது?

வெளிநாட்டில் இருக்கும் உங்களுக்கு இது தெரிந்த கணக்குத்தான். ஜெர்மனிக்குப் போன முதல் கோடையில், கல்யாணமான புதிது, மனைவியை வடகடலுக்கு அழைத்துப்போனேன். மணலில் கால் வைக்கும் முன் ஒருவர் வந்து சீட்டுக் கேட்டார். கடலுக்குச் சீட்டு! 'கூர்டாக்ஸே' என்று அதற்குப் பெயர். பிரம்புக்கூடை போன்ற நாற்காலிகளுக்கு எண் போட்டு வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் கூடைக்குள் உட்கார்ந்து தன் துண்டுக் கடலைப் பார்த்தது. எங்கள் கடற்கரையில் வருகிறவன் எவனும் நிற்கலாம், கேட்பார் இல்லை என்று அன்று முழுவதும் அவளிடம் கொதித்தேன். ஆனால் அதே ஜெர்மனியைப் பற்றி உங்களுக்கு நான் முன்பு புகழ்ந்தும் எழுதியிருக்கிறேன். நீ யார் மகன் என்று அங்கே எவரும் கேட்பதில்லை, வேலையில் கை வைத்தாயா என்றுதான் கேட்கிறார்கள், வைத்தவனுக்கு உரியது வந்து சேர்கிறது, நம் ஊர் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் எழுதினேன். அந்த வரிகளில் ஒன்றையும் நான் இன்றும் திரும்பப் பெறவில்லை. இனி வருவதைப் படிக்கும்போது அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மத்தியானத்துக்குள் ஆறுமுகநேரி, காயல்பட்டினம், திருச்செந்தூர் தாண்டிவிட்டோம். ஆலந்தலையையும் கடந்து தெற்கே போனால் வருகிற ஒரு சிறிய ஊரில்தான் நான் பிறந்தேன். அதன் பெயரை எழுதாமல் விடுகிறேன். அங்கே இன்னும் என் அக்கா ரோசம்மாள் வாழவேண்டியிருக்கிறது. சாலையிலேயே காத்து நின்றாள். டிரெய்லரை ஒருமுறை சுற்றிவந்து, சன்னல் திரையைத் தொட்டுப்பார்த்து, பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏலே தொம்மை, நேத்தே தூத்துக்குடி வந்துட்டியாமே. கூடப்பெறந்தவ வீடு இருக்கையில, கோழி கூட்டுக்குள்ள அடையுத மாதிரி இந்தப் பெட்டிக்குள்ள படுத்துக் கெடந்தியோ?"

"இவங்க வண்டிய விட்டுட்டு வரமாட்டாங்க அக்கா."

"நீ யார விட்டுட்டு வரமாட்ட?"

கேட்டுவிட்டு அவளே என் கையைப் பிடித்துக்கொண்டாள். கரையில் கஸ்பார் அண்ணாச்சியின் வலை வளைத்துப் போட்டிருக்கிறது, இழுக்கத் தொடங்கிவிட்டார்கள், ஓடு என்றாள். அவளுடைய அவசரம் எனக்கு உடனே புரிந்தது. கரைவலை இழுக்கும்போது கயிற்றில் கை வைத்த ஒவ்வொருவருக்கும், ஊர்க்காரனோ வழிப்போக்கனோ, கடைசியில் மீனில் ஒரு பங்கு உண்டு. ஏலத்துக்குப் போக மீதியைச் சிறு கும்பல்களாக மணலில் பிரித்து வைப்பார்கள். எங்கள் தகப்பனார் வாழ்நாளெல்லாம் அந்தக் கயிற்றை இழுத்தவர். அவர் போய், நான் கப்பலேறி, அக்காவின் கணவரும் இறந்த பிறகு எங்கள் வீட்டுக்கென்று கயிற்றில் ஒரு கை இல்லை. அத்தனை வருடமும் மற்றப் பெண்கள் பங்கு வாங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு, அவள் ஏலக்காரியிடம் மீன் வாங்கித் தின்றிருக்கிறாள்.

"தம்பி வாரான், இன்னைக்கு எங்க வீட்டுக்கும் பங்கு உண்டுன்னு தெருப்பூராச் சொல்லிட்டேன். ஓலப்பெட்டிய எடுத்துட்டு நான் பின்னால வாரேன். நீ போ, போய்க் கயித்தப் பிடி."

போனேன். வெறுங்காலோடு ஓடினேன் என்றே சொல்லவேண்டும். ஆனால் ஹோர்ஸ்ட் எனக்கு முன்னால் ஓடிவிட்டார். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாகக் கயிற்றைத் தோளோடு அணைத்து, இழுப்புக்குப் பாடும் அம்பாப் பாட்டுக்குக் குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னால் நடந்துகொண்டிருந்தார்கள். அந்தக் காட்சியைக் கண்டதும் அவர் சட்டையைக் கழற்றி எறிந்தார். சினி கேமராவை என் கையில் திணித்து, "தோமாஸ், எடுங்கள்! விடாமல் எடுங்கள்!" என்று கத்திவிட்டு வடக்குக் கயிற்றில் நுழைந்துகொண்டார். பாடுகிறவர்கள் சிரித்தார்கள், இடம் விட்டார்கள். நான் இரண்டு நிமிடம் எடுத்துவிட்டுக் கேமராவைக் கிசேலாவிடம் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அவள் ஈர மணலில் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டு தொலைவில் போய்விட்டாள். மணலில் வைக்க முடியாது. அது என் பொருள் அல்ல. பிரேமனில் பழகிய கை, அடுத்தவன் பொருளை மணலில் வைக்காது. எடுத்துக்கொண்டே இருந்தேன். சிவந்த தோளோடு அவர் இழுப்பது, கயிறு சொட்டுவது, மிதவைகள் நெருங்குவது எல்லாவற்றையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். வலையின் மடி கரைக்கு வந்து மீன் வெள்ளியாகத் துள்ளியபோதும் என் கண் அந்தக் கண்ணாடித் துளையில்தான் இருந்தது.

கஸ்பார் அண்ணாச்சி என் தகப்பனாரோடு இழுத்தவர். வலை அவருடையது, பங்கு வைக்கும் உரிமையும் அவருடையது. குனிந்து கும்பல் கும்பலாக வைத்துக்கொண்டே போனார். சாளை, காரல், இடையிடையே ஒரு பாறைமீன் குட்டி. ஹோர்ஸ்டின் காலடியிலும் ஒரு கும்பல் வைத்தார். என்னைக் கடந்து அடுத்த ஆளுக்குப் போனார். அக்கா ஓலைப்பெட்டியோடு என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள். பெட்டியை மூடியிருந்த ஓலை மூடியைத் திறந்தும்விட்டாள்.

"அண்ணாச்சி, எங்க பங்கு?" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். கோபமாக இல்லை, கேள்வி புரியாதவர் போலத்தான் பார்த்தார். "நீ கயித்தத் தொடலியே தம்பி."

"நான் யாரு மகன்னு தெரியுமில்லா?"

"தெரியாமலா? ஒங்கய்யா பக்கத்துல நின்னு இழுத்தவன் நான். பங்கு அய்யாவுக்கு வைக்கல, கைக்குத்தான் வைக்கோம்."

பெண்கள் கூடி நின்றார்கள். அக்கா அந்த மூடியைத் திரும்ப மூடவும் முடியாமல் நின்றாள். நான் உரக்கப் பேசினேன். ஊரில் இப்படிப் பேசி எத்தனை காலம் ஆயிற்றோ, என் பேச்சு எனக்கே பழையபடி கேட்டது. "எங்கய்யா இந்த மணல்ல இழுத்துக்கிட்டே நெஞ்சப் பிடிச்சிட்டு உக்காந்து செத்தாரு. அவரு மாசப் பூசை முடியுற மட்டும் தெனமும் அவரு பங்க மணல்ல வச்சீங்க. எங்கம்மா வந்து எடுத்துட்டுப் போனா. செத்தவனுக்குப் பங்கு உண்டு, உசுரோட வந்து நிக்கிற எனக்கு இல்லியா? இன்னைக்கு வந்த தொரைக்கு உண்டு, எனக்கு இல்லியா?"

கஸ்பார் கையிலிருந்த சாளையை மெதுவாகக் கும்பலில் போட்டார்.

"ஒங்கய்யா கயித்த விடல தம்பி. கயிறுதான் அவர விட்டுச்சு."

மீதியை அடுத்த வீட்டுத் தெரசா சொன்னாள். "விடுங்க மைனி. ஒங்க தம்பி அந்தப் படப்பெட்டிக்குள்ள எம்புட்டு மீனு பிடிச்சு வச்சிருக்காரு! கொண்டுபோய்க் கொழம்பு வைங்க." பெண்கள் சிரித்தார்கள். அக்கா மூடியை மூடினாள்.

இது நியாயமா என்று என்னை நீங்கள் கேட்பீர்கள். விதி நியாயமானது. உங்களுக்கு நான் பக்கம் பக்கமாகப் புகழ்ந்த அதே விதி. கை வைத்தவனுக்கு உண்டு, வைக்காதவனுக்கு இல்லை. யார் மகன் என்ற பேச்சே இல்லை. அதை நான் ஜெர்மனியிலிருந்து கற்றுக்கொண்டுவந்து இவர்களுக்குச் சொல்ல நினைத்தேன், இவர்கள் நான் பிறப்பதற்கு முன்பே அதை மணலில் வைத்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவும் எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் என் கோபம் தணியவில்லை, இதை எழுதும்போதும் தணியவில்லை. அங்கே நான் யார் மகன் என்று எவருக்கும் தெரியாது, ஆகவே கையை மட்டும் பார்க்கிறார்கள். இங்கே தெரிந்திருந்தும் கையை மட்டும் பார்ப்பார்கள் என்றால், என் தகப்பனார் பெயரை நான் எந்த நாட்டில் போய்ச் சொல்வது?

இதற்கிடையில் ஹோர்ஸ்ட் காலடியில் கிடந்த மீனைப் பார்த்துக் கையை அகல விரித்தார். உள்ளங்கை இரண்டும் கயிறு உரசித் தோல் கிளம்பியிருந்தது. முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. "வேண்டாம், வேண்டாம். எங்களிடம் டின் சாப்பாடு நிறைய இருக்கிறது. ஏழைகளுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்."

"தொர என்ன சொல்லுதாரு?" என்று கஸ்பார் கேட்டார்.

கயிற்றில் வந்த பங்கை மறுப்பது, அந்தக் கயிற்றை இழுத்த அத்தனை பேரையும் மறுப்பது. ஹோர்ஸ்டுக்கு அது தெரியாது. தெரியாதவரிடம் கோபிக்கக் கூடாது என்பார்கள், நான் கோபித்தேன். எனக்கு இல்லை என்று ஊரே சிரித்த ஒன்றை அவர் வேண்டாம் என்று கையை விரிக்கிறார்!

"சந்தோசம்னு சொல்லுதாரு" என்றேன்.

மீனை யாராவது எடுக்க வேண்டுமே. அக்காவைப் பார்த்தேன். அவள் நகரவில்லை. "அது விருந்தாளி பங்கு. அத நம்ம பெட்டியில வாங்கினா நம்ம வீட்டுப் பங்குன்னு ஆயிருமா?" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். பிறகு, எல்லாருக்கும் கேட்கும்படி, "தொரையும் அம்மாவும் ராத்திரி நம்ம வீட்டுலதான் சாப்பிடணும். அவங்க மீன அவங்களுக்கே ஆக்கிப் போடுதேன்" என்று சொல்லிக் குனிந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் வைத்தாள். தெரசாவைக் கடந்து போகும்போது அவள் தலை குனியவில்லை.

விளக்கு வைத்த உடனே சாப்பிட உட்கார்ந்தோம். வீட்டில் நாற்காலி ஒன்றுதான், அதில் கிசேலா உட்கார்ந்தாள். ஹோர்ஸ்ட் என்னோடு பாயில் சம்மணமிட முயன்று தோற்றுக் காலை நீட்டிக்கொண்டார். அக்கா மூன்று தட்டிலும் சோறு போட்டாள். அடுப்பு ஓரத்தில் தனக்கென்று கவிழ்த்துவைத்திருந்த தட்டுக்குப் பக்கத்தில் சிறு கிண்ணத்தில் தேங்காய்த் துவையல் இருந்தது. விருந்தாளியின் மீனில் அவள் கை வைக்கமாட்டாள் என்பதற்கு அது போதும். மீன்குழம்புச் சட்டியோடு வந்தாள். கிசேலாவுக்கு இரண்டு சாளை, ஹோர்ஸ்டுக்கு மூன்றும் பாறைக் குட்டியின் நடுத்துண்டும். பிறகு என் தட்டுக்கு முன்னால் கரண்டியோடு நின்றாள்.

மீன் வைத்தால் நான் விருந்தாளி. துவையல் வைத்தால் வீட்டு ஆள். அவள் கரண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. கரண்டிக்குள் ஒரு சாளை கிடந்தது. அதைச் சட்டியின் விளிம்பில் சாய்த்து, மீனை உள்ளேயே வழுக்கி விழவைத்து, குழம்பை மட்டும் என் சோற்றில் ஊற்றினாள்.

"மீனு அவங்களோடது. கொழம்பு என்னோடது" என்றாள். "தின்னு."

தின்றேன். புளியும் காரமும் மீன்வாசமும் எல்லாம் அதில் இருந்தன. ஹோர்ஸ்ட் முள்ளை விரலால் எடுத்துக்கொண்டே என் தட்டைக் கவனித்துவிட்டார். "உங்களுக்கு ஏன் மீன் இல்லை, தோமாஸ்?"

"எனக்கு மீன் ஒத்துக்கொள்ளாது" என்று ஜெர்மன் மொழியில் சொன்னேன்.

அக்கா அடுப்படியிலிருந்து திரும்பி, "என்னலே கேக்காரு?" என்றாள்.

"கொழம்பு நல்லா இருக்குன்னு சொல்லுதாரு" என்றேன்.